பிரம்பும் ஒரு மாதத் தவணையும்

உப்புவெளி,
திருகோணமலை.

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கைக்கு வந்து ஆறு கிழமையாகிறது. திட்டாதே. இங்கே கச்சான் காற்று அனலாய் வீசுகிறது. மத்தியானமானால் கோட்டைப் பக்கத்து மான்கள்கூட நிழல் தேடி அலைகின்றன. என் முழங்கால் நோ பரவாயில்லை. வாத்தியார் வேலையிலிருந்து பென்சன் எடுத்து நாலு வருடமாகியும் எங்கள் தெருவுக்கு நான்தான் விண்ணப்பம் நிரப்பும் ஆள், கடிதம் எழுதும் ஆள். அப்படி வந்த ஒரு வேலையால்தான் இந்தச் சுணக்கம்.

பின் ஒழுங்கையில் இருக்கும் ஒரு தாய், எட்டாம் தரத்தில் படிக்கும் மகனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். கொப்பி கொண்டுபோகவில்லை என்று வாத்தியார் கன்னத்தில் அறைந்திருக்கிறார். அன்றிரவே காதுக்குள் இரைச்சல், பிறகு சீழ். அதிபரிடம் போனால் "பேசித் தீர்ப்போம், பிள்ளையின் படிப்பு முக்கியம்" என்றாராம். இப்படிப் பேசிப் பேசியே பத்தொன்பது நாள் போய்விட்டது. என்னிடம் வந்தது இருபதாம் நாள்.

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. ஏனென்று சொல்கிறேன். அடிப்படை உரிமை மீறல் வழக்கு என்றால் அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரைப்படி, மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். ஏழைச் சனம் கொழும்புக்குப் போய் லோயர் பிடித்து ஒரு மாதத்துக்குள் மனுப் போடுவதென்பது நடக்கிற காரியமா? ஆனால் அதே ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்த மாதக் கணக்கில் சேராது. 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் அதற்கு வழிவிட்டிருக்கிறது. ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் நம் ஊரிலேயே இருக்கிறது, காசும் வேண்டாம். "பேசித் தீர்ப்போம்" என்கிறவர்களுக்கு இந்தத் தவணை தெரிந்தே சொல்கிறார்களா, தெரியாமல் சொல்கிறார்களா என்று எனக்குச் சந்தேகம்தான்.

இன்னொரு சிக்கல். ஆஸ்பத்திரியில் டொக்டர் கேட்டபோது தாய் "விழுந்துவிட்டான்" என்று சொல்லியிருக்கிறாள். வாத்தியாரைக் காட்டிக்கொடுத்தால் பெடியனை வகுப்பில் ஒதுக்கிவிடுவார்கள் என்ற பயம். துண்டிலும் அப்படியே எழுதிவிட்டார்கள். நாளைக்கு எதிர்த்தரப்பு முதலில் தூக்கிக் காட்டப்போவது அந்தத் துண்டைத்தான். திரும்பவும் போய் உண்மையைச் சொல்லிப் பதியச் சொன்னேன். போனாள். செவிப்பறையில் கிழிசல் என்றார்களாம், ஆறிவிடும் என்றும் சொன்னார்களாம்.

நம் காலத்தில் இதெல்லாம் ஒரு கதையா என்று நீ கேட்பாய். அடியாத மாடு படியாது என்றுதானே வளர்ந்தோம். சட்டமும் அப்போது அப்படித்தான் இருந்தது. பாதி பிறகும் வெகுகாலம் அப்படியே இருந்தது. கல்விக் கட்டளைச் சட்டமும் 1939தான், சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டமும் 1939தான். சிறுவருக்குக் கொடுமை செய்யக் கூடாது என்று சொல்லிவிட்டு, பெற்றோரும் ஆசிரியரும் தண்டிக்கும் உரிமையை இது பாதிக்காது என்று இரண்டாவதின் 71ஆம் பிரிவிலேயே வால் வைத்திருக்கிறான் வெள்ளைக்காரன். 2005இல் கல்வி அமைச்சு 17ஆம் இலக்கச் சுற்றுநிருபத்தால் பாடசாலையில் அடிப்பதைத் தடை செய்தது. 2016இல் 12ஆம் இலக்கம் என்று இன்னொன்று. சுற்றுநிருபம் வந்தால் என்ன நடக்கும் என்று உனக்குத் தெரியாததா? ஆசிரியர் அறையில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பைலுக்குள் வைப்போம். நானும் வைத்தேன்.

உண்மையில் ஆளை உலுப்பியது 2021 பெப்ரவரியில் வந்த தீர்ப்பு. மாத்தறைப் பக்கத்து மாணவன் ஒருவன். இதே போல அறை, இதே போல காது. 11ஆம் உறுப்புரை, அதாவது சித்திரவதைக்கும் இழிவான நடத்துகைக்கும் எதிரான உரிமை, மீறப்பட்டது என்று உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. நீதியரசர் துரைராஜா எழுதிய தீர்ப்பு. ஆசிரியர் தன் சொந்தக் காசில் 150,000 ரூபாய், அரசு 500,000 ரூபாய் நட்டஈடு. அந்தச் "சொந்தக் காசில்" என்பதுதான் ஆசிரியர் அறைகளில் திரும்பத் திரும்பப் பேசப்பட்டது! உங்கள் கனடாவிலும் 2004இல் உயர் நீதிமன்றம் ஆசிரியர் தண்டனைக்காக அடிக்கக் கூடாது என்று வரம்பு கட்டியதாக வாசித்தேன்.

சரி, முறைப்பாட்டை இருபத்திரண்டாம் நாள் கொடுத்தோம். வலயக் கல்வி அலுவலகத்துக்கும் ஒரு பிரதி. விசாரணைக்குத் திகதி வந்திருக்கிறது.

இதற்குள் ஒரு பின்னேரம் அந்த வாத்தியார் வீட்டுக்கு வந்தான். ஆமாம், வந்தான்தான். என்னிடம் படித்தவன். கேற்றடியிலேயே நின்றுகொண்டு, "சேர், நீங்கள் அடித்துத்தானே நான் ஆளானேன். இப்போது நீங்களே எனக்கெதிராக எழுதிக் கொடுத்திருக்கிறீர்களாம்" என்றான். கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன். அழுவது போலச் சொன்னான். உள்ளே கூப்பிட்டு இருத்தித் தேத்தண்ணி கொடுத்தேன். வகுப்பில் நாற்பத்தைந்து பிள்ளைகள், கணக்குக்கு இன்னொரு ஆசிரியர் இல்லை, இரண்டு வருடமாக இடமாற்றம் கேட்டு எழுதுகிறான். எல்லாம் நியாயம்தான், அந்தப் பிள்ளையின் காதுக்கு அதனால் என்ன என்றேன். பேசாமல் குடித்துவிட்டுப் போனான். அவனை நான் எத்தனை தரம் அடித்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. அவனுக்கு எல்லாம் ஞாபகமிருக்கிறது.

அதிலிருந்து உன் நினைவு. கணக்கு வாத்தியார் பூவரசங் கம்பால் உன் புறங்கையில் அடித்து விரல் வீங்கிய நாளில், சைக்கிளால் விழுந்தேன் என்றுதானே வீட்டில் சொன்னாய்? பக்கத்து வாங்கிலிருந்த நானும் உன் அம்மாவிடம் அதையே சொன்னேன். அவர் நம்பினாரா? அதை மட்டும் மறக்காமல் எழுது.

அன்புடன்,
உன் பழைய வாங்குக் கூட்டாளி