கூந்தன்குளத்தில் குஞ்சுகள் பறக்கும்வரை தண்ணீர் நிற்க வேண்டும்: ஆட்சியருக்கு ஒரு கோரிக்கை மனு

அனுப்புநர்: கூந்தன்குளம் ஊர்ப் பொதுமக்கள், நாங்குநேரி வட்டம்.

பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அவர்கள், திருநெல்வேலி.

பொருள்: குளத்து நீர்மட்டம், கூடு கட்டும் மரங்கள் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

எங்கள் குளம் 1994இல் பறவைகள் சரணாலயமானது, உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலான ராம்சர் பட்டியலில் சேர்ந்ததாக 2022இல் அறிவிப்பும் வந்தது. பெருமைதான். ஆனால் பறவைக்குப் பட்டியல் தெரியாது, தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும்தான் தெரியும்.

மஞ்சள் மூக்கு நாரையும் கூழைக்கடாவும் குளத்துக் கருவேல மரங்களில் மட்டுமல்ல, எங்கள் வீட்டு வாசல் வேம்பிலும் புளியிலும்கூடக் கூடு கட்டுகின்றன. தெருவெல்லாம் எச்சமும் மீன் கவிச்சியும்தான், வெளியூர் சொந்தக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் உள்ளே வருவார்கள். எங்களுக்கு அது பழகிவிட்டது. தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. கூட்டிலிருந்து குஞ்சு விழுந்தால் எடுத்து மீன் கொடுத்துப் பார்த்துக்கொள்வோம். எச்சம் கலந்த தண்ணீரும் கரம்பை மண்ணும் வயலுக்கு நல்ல உரம் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை, எங்களுக்கும் ஆதாயம் உண்டு.

பிரச்சினை மார்ச், ஏப்ரலில் தொடங்குகிறது. நாரை முட்டை பொரிக்க ஒரு மாதம் ஆகும், குஞ்சு பறக்க அதற்குமேல் இரண்டு மாதம். கூழைக்கடாவுக்கு இன்னும் கூடுதல். வெயில் ஏறும்போது தாய் நாரை சிறகை விரித்து நிழல் கொடுக்கும், அலகில் தண்ணீர் கொண்டுவந்து குஞ்சுகள்மேல் ஊற்றும். மழை பொய்த்த ஆண்டில் குளம் பாதியில் வற்றினால் இரையும் போச்சு, அந்தத் தண்ணீரும் போச்சு. மரத்தைச் சுற்றித் தண்ணீர் இருக்கிறவரை நாயும் பூனையும் கிட்ட வராது. தரை காய்ந்ததும் நேராக மரத்தடிக்கே வந்துவிடும், விழுந்த குஞ்சு தப்பாது. தாய்ப் பறவைகள் குஞ்சை விட்டுவிட்டுப் போவதும் இப்படித்தான் நடக்கிறது.

அதனால் மணிமுத்தாறு அணையில் இருப்பு இருக்கும் ஆண்டுகளில், பாசனத் திறப்பு முடிந்த பிறகும் எங்கள் குளத்துக்கென்று ஒரு பங்கு தண்ணீர் கோடையில் விட வேண்டும். நாங்களும் விவசாயிகள்தான், பயிரை வாடவிட்டுப் பறவைக்குக் கொடுங்கள் என்று கேட்கவில்லை. எந்த மட்டத்துக்குக் கீழே போனால் மடையை அடைக்க வேண்டும் என்பதை விவசாயிகள், நீர்வளத் துறை, வனத்துறை மூன்று பேரும் உட்கார்ந்து பேசி முன்கூட்டியே முடிவு செய்தால் போதும். அப்புறம் ஆண்டுதோறும் சண்டை இருக்காது.

தூர்வாருவது பற்றியும் சொல்ல வேண்டும். தூர்வாருங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் ஜேசிபி விட்டு ஆழ ஆழமாகக் குழி தோண்டினால் நாரை எப்படி மேயும்? அது பார்த்து மீன் பிடிக்கிற பறவை அல்ல. முழங்கால் தண்ணீரில் நின்று அலகைப் பாதி திறந்து உள்ளே விட்டு இப்படியும் அப்படியும் அலசும், மீன் பட்டவுடன் டக்கென்று மூடும். குழியில் அதற்கு வேலையே இல்லை. ஆகவே ஓரத்துச் சரிவையும் ஆழமில்லாத பகுதியையும் அப்படியே விட்டுவிட்டு, கருவேல மரங்கள் நிற்கும் திட்டுகளைத் தொடாமல், பறவைகள் போன பிறகு ஜூலை கடைசியில் தொடங்கி மழைக்கு முன்னால் வேலையை முடிக்க உத்தரவிட வேண்டும். சீமைக் கருவேலத்தை வெட்டுவதாக இருந்தாலும் இதே மாதங்களில்தான் வெட்ட வேண்டும், அதிலும் கூடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு. எச்சம் விழுந்து விழுந்து பழைய மரங்கள் பட்டுப்போகின்றன, திட்டுகளில் நாட்டுக் கருவேலக் கன்றுகளை இப்போதே நட்டால்தான் அடுத்து வரும் பறவைகளுக்குக் கிளை இருக்கும்.

இமயமலையைத் தாண்டி மங்கோலியாப் பக்கமிருந்து வரும் வரித்தலை வாத்துகள் பகலில் குளத்தில் ஓய்வெடுத்துவிட்டு இருட்டியதும் வயலுக்கு மேயப் போகின்றன. நெற்பயிரில் இறங்குவதும் உண்டு. விரட்டச் சொல்லவில்லை, பயிர்ச் சேதத்துக்கு ஒரு சிறு இழப்பீடு தர வழி இருந்தால் பரிசீலியுங்கள். ஊர்க்காரர்களின் பொறுமைக்கும் அது நல்லது.

முதல் வேலையாக, கூடு கட்டும் பருவம் தொடங்குவதற்கு முன்பே மேலே சொன்ன கூட்டத்துக்கு ஒரு தேதி குறித்து, அதைக் குளத்தங்கரையிலேயே நடத்தித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். அலுவலக அறையில் வேண்டாம்.

இப்படிக்கு,
கூந்தன்குளம் ஊர்ப் பொதுமக்கள்