விவியன் லீ காணொளிக்கு அப்படித் தலைப்பு வைத்தவர்களுக்கு

பழைய ஹாலிவுட் கதைகள் சொல்லும் சேனலை நடத்தும் நண்பர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை பழைய நடிகை விவியன் லீ பற்றி நீங்கள் போட்ட காணொளியைப் பற்றித்தான் எழுதுகிறேன். என்ன தலைப்பு வைத்தீர்கள் என்று உங்களுக்கே தெரியும், அதை முழுசாகத் திரும்ப எழுத எனக்கு மனசு வரவில்லை. அதில் ‘பைத்தியம்’ என்று ஒரு சொல் இருக்கிறது. அதை எடுத்துவிடுங்கள். இதையேதான் மின்னஞ்சலில் இரண்டே வரியில் கேட்டிருந்தேன், “தலைப்பு பார்வைகளுக்காக வைப்பது சார், தப்பா எடுத்துக்காதீங்க” என்று பதில் வந்தது. சரி, அப்படியென்றால் கொஞ்சம் நீளமாகவே கேட்கிறேன்.

டார்ஜிலிங்கில் 1913இல் பிறந்தது, ‘கான் வித் த விண்ட்’, இரண்டு ஆஸ்கர், நடிகர் லாரன்ஸ் ஆலிவியரோடு கல்யாணம், விவாகரத்து எல்லாம் சொன்னீர்கள், தப்பில்லை. ஆனால் 1953க்கு வந்ததும் உங்கள் குரலே மாறிவிட்டது, பின்னணியில் பேய்ப்பட இசை வேறு. அந்த வருடம் ‘எலிஃபண்ட் வாக்’ படத்துக்காக அவர் இலங்கைக்கு வந்தார், தேயிலைத் தோட்டத்துக் கதை. அங்கேயே இருமுனைக் கோளாறு என்ற அவருடைய மனநோய் தலைதூக்கிவிட்டது, மிச்சத்தை எடுக்க ஹாலிவுட் போனதும் அவரால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. பட நிறுவனமான பாரமவுண்ட் அவருக்குப் பதிலாக 21 வயது எலிசபெத் டெய்லரைப் போட்டது. விவியன் லீயை மயக்க மருந்து கொடுத்து விமானத்தில் இங்கிலாந்துக்குக் கொண்டுபோய், சர்ரி பக்கம் நெதர்ன் மருத்துவமனையில் சேர்த்தார்கள். இலங்கையில் எடுத்த தூரக் காட்சிகளில் சில அப்படியே படத்தில் இருக்கின்றன. தூரத்தில் நடந்து போகிறவர் விவியன் லீ, கேமரா கிட்டே வந்தால் டெய்லர். அந்தக் காட்சியைப் பார்த்தால் எனக்குத் தொண்டை அடைக்கும், உங்களுக்கு அது ‘கிறுக்குத்தனத்தால் கைநழுவிய பட வாய்ப்பு’.

அப்புறம் என்ன நடந்தது என்பதை நீங்கள் சொல்லவே இல்லை. அதே 1953, நவம்பர் 5, அவருடைய 40ஆவது பிறந்தநாள். லண்டன் ஃபீனிக்ஸ் தியேட்டரில் ‘தி ஸ்லீப்பிங் பிரின்ஸ்’ நாடகத்தின் முதல் நாள், மேடையில் அவர்தான் நாயகி. மருத்துவமனையில் கிடந்த அதே வருடம்! பைத்தியம் என்று நீங்கள் சொல்லும் ஆள், நகைச்சுவை நாடகம் ஒன்றைத் தோளில் சுமந்து நின்றிருக்கிறார். 14 நிமிடக் காணொளியில் இதற்கு ஒரு அரை நிமிடம் கிடைக்கவில்லையா?

இன்னொன்று. ‘ஸ்ட்ரீட்கார்’ படத்தில் மனம் சிதைந்துபோகும் பிளாஞ்ச் வேடம்தான் அவரை இப்படி ஆக்கியது என்று அடித்துச் சொல்கிறீர்கள். படத்துக்கு முன்பே லண்டன் மேடையில் அதே வேடத்தை 326 தடவை நடித்திருக்கிறார், நோயின் அறிகுறிகளோ அதற்கும் முன்பே தெரிந்தவை. இடையில் நுரையீரலில் காசநோய் வேறு. மனநோய்க்கு அன்றைக்கு இருந்தது மின்னதிர்ச்சிச் சிகிச்சைதான், அதை எடுத்துக்கொண்டே மேடைக்கும் போய்க்கொண்டிருந்தார். இந்த மனநோய்க்கு லித்தியம் என்ற மருந்து உதவும் என்று ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் 1949இலேயே எழுதிவிட்டார், ஆனால் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது 1970இல். விவியன் லீ 1967 ஜூலையிலேயே காசநோயால் போய்விட்டார், 53 வயதில். செய்தி வந்த அன்று மத்திய லண்டன் தியேட்டர்கள் ஒரு மணி நேரம் விளக்கை அணைத்தன.

1957இல் லண்டன் செயின்ட் ஜேம்ஸ் தியேட்டரை இடிக்கப் போகிறார்கள் என்றதும் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் பிரபுக்கள் சபைக்குப் போய், நடந்துகொண்டிருந்த விவாதத்தின் நடுவே எழுந்து எதிர்ப்புச் சொன்னவரும் இவர்தான். வெளியே அனுப்பினார்கள், தியேட்டரையும் இடித்தார்கள். இதையே ஆலிவியர் செய்திருந்தால் ‘சிங்கம்’ என்று தலைப்பு வைத்திருப்பீர்கள். இவர் செய்ததால் நீங்கள் போட்ட கிறுக்குத்தனப் பட்டியலில் அது நான்காவது!

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்கலாம். என் தங்கைக்கு இதே நோய், இருமுனைக் கோளாறு. பதினொரு வருடமாக மாத்திரை சாப்பிடுகிறாள், வேலைக்குப் போகிறாள், எங்கள் வீட்டில் பழைய படப் பைத்தியம் அவள்தான் (பாருங்கள், எனக்கும் அந்தச் சொல் வாயில் வந்துவிடுகிறது). உங்கள் காணொளியைப் போட்டுக்கொண்டு என்னையும் பக்கத்தில் உட்கார வைத்தவளே அவள்தான். பாதியில் நிறுத்திவிட்டு, “அண்ணா, என்னையும் இப்படித்தான் சொல்வாங்க, இல்ல?” என்றாள். நான் டீ போடுகிறேன் என்று எழுந்து போய்விட்டேன்.

உங்களை மட்டும் சொல்லி என்ன பயன்? நாற்பது வருடமாக நம் காமெடியில் ‘கீழ்ப்பாக்கம்’ என்றாலே தியேட்டர் சிரிக்கிறது. சர்க்கரை நோய்க்காரரை வைத்து யாராவது இப்படிக் காமெடி எழுதுகிறார்களா? மருத்துவமனைக் கட்டிலில் இருப்பவர்களுக்கு டிக்கெட் எடுக்கத் தெரியாது என்று நினைத்துவிட்டோம்போல.

சரி, எங்கேயோ போய்விட்டேன். கேட்க வந்தது ஒன்றுதான், தலைப்பிலும் முகப்புப் படத்திலும் இருக்கும் அந்தச் சொல்லைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். முடிந்தால் ஃபீனிக்ஸ் தியேட்டர் கதையையும் சேர்த்துவிடுங்கள், நீங்கள் நன்றாகக் கதை சொல்கிறவர்கள்தானே. மாற்றியதும் ஒரு வரி எழுதுங்கள், மீதிப் பாதியைத் தங்கையோடு உட்கார்ந்து பார்க்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பழைய சந்தாதாரர் ஒருவர்