ஊர் மாறிய மருத்துவரும் ஊர் மாறாத வழக்கும்

மதுரை

அன்புள்ள நண்பனுக்கு,

இங்கு அனைவரும் நலம். அமெரிக்காவில் டல்லாஸிலிருக்கும் உன் மகன் சொன்னதாக நீ எழுதியிருந்த கிறிஸ்டோபர் டன்ட்ஷ் என்ற முதுகெலும்பு அறுவை மருத்துவரின் செய்தி என் மனத்தை விட்டு அகலவில்லை. நோயாளிகள் முடமான பிறகும், மருத்துவர்கள் மீதான நடவடிக்கைகளைப் பதிந்துவைக்கும் தேசியத் தரவு வங்கிக்கு ஒரு வரி எழுதாமல், ராஜினாமா செய்துகொண்டு போகும்படி ஒரு மருத்துவமனை அவரை விட்டுவிட்டது; அவர் அடுத்த மருத்துவமனையில் கத்தியைப் பிடித்தார். 2013-இல் டெக்சஸில் உரிமம் முடக்கப்பட்டதும் கொலராடோவுக்குக் குடிபெயர்ந்தார். 2017-இல்தான் ஆயுள் தண்டனை வந்தது. இப்படி மாநிலம் தாண்டுகிறவர்களைக் கண்டுகொள்வதற்கென்றே அங்கு 1990 முதல் அந்தத் தரவு வங்கி இயங்குகிறது; ஆனால் தகவல் கொடுத்தால்தானே அதில் ஏறும்? ஏறினாலும் நோயாளி அதைப் பார்க்க முடியாது.

இது என்னை இவ்வளவு வருத்துவதற்குக் காரணம் இருக்கிறது. மேலூர்ப் பக்கத்திலுள்ள என் தங்கை மகனுக்கு இங்கே ஒரு தனியார் மருத்துவமனையில் பித்தப்பையை லேப்ராஸ்கோப்பியில் எடுத்தார்கள். மறுநாளே வயிறு உப்பியது, கண் மஞ்சளித்தது. வாயுக்கோளாறு என்று சொல்லி டிஸ்சார்ஜ் செய்துவிட்டார்கள். பெரியாஸ்பத்திரியில் சேர்த்த பிறகுதான் பித்தநாளம் வெட்டுப்பட்டிருப்பது தெரிந்தது. டிஸ்சார்ஜ் சம்மரியில் மஞ்சள் காமாலையைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை, ‘நோயாளியின் நிலை திருப்தி’ என்று மட்டும் இருக்கிறது. கேட்கப் போனபோது, அந்த டாக்டர் வேறு மாநிலத்துக்குப் போய்விட்டார் என்று வரவேற்பறையிலேயே பதில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். இனி என்ன செய்ய முடியும் என்று தங்கை உட்கார்ந்துவிட்டாள்.

செய்ய முடியும் என்பதை அவளுக்கு எடுத்துச் சொன்னேன். காசு வாங்கிக்கொண்டு செய்யும் சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டது என்று சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1995-இலேயே சொல்லிவிட்டது. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, மருத்துவர் எந்த ஊருக்குப் போனாலும் நோயாளி தான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். எனவே மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையமே போதும். இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும், அவ்வளவுதான். சிகிச்சை விவரங்கள் அடங்கிய கேஸ் ஷீட்டை எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு விதி. விண்ணப்பத்தை நானே எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன்.

ஆனால் நம் ஜனங்கள் நஷ்டஈட்டு வழக்கோடு நின்றுவிடுகிறார்கள், மருத்துவக் கவுன்சிலுக்கு யாரும் எழுதுவதில்லை என்பதுதான் என் ஆதங்கம். நஷ்டஈடு நம் வீட்டுக்கு வரும். அடுத்த மாநிலத்தில் அந்த டாக்டர் முன் படுக்கப்போகும் நோயாளிக்கு அதனால் என்ன பயன்? வேறு மாநிலத்தில் பதிவு செய்ய இங்குள்ள கவுன்சிலின் தடையில்லாச் சான்றிதழும் நன்னடத்தைச் சான்றிதழும் வேண்டும். புகாரே இல்லாத கோப்பில் கவுன்சில் வேறு என்ன எழுதிக் கொடுக்கும்? ஆறு மாதத்துக்குள் முடிவெடுக்க வேண்டும் என்று விதியிருந்தும் அது இழுத்தடிக்கும் என்பார்கள். இழுக்கட்டும், அவர் பெயர் கோப்பில் ஏற வேண்டும்.

ஒன்றில் மட்டும் நான் நிதானமாக இருக்க விரும்புகிறேன். பித்தநாளத்தில் காயம் படுவது கைதேர்ந்த மருத்துவருக்கும் நேரக்கூடியது. சிகிச்சை பலிக்காததை மட்டும் வைத்து அலட்சியம் என்று சொல்ல முடியாது என 2005-இல் ஜேக்கப் மேத்யூ தீர்ப்பும் தெளிவாகச் சொல்கிறது. மஞ்சளித்த கண்ணைப் பார்த்த பிறகும் ஒரு ஸ்கேன்கூட எடுக்காமல் வீட்டுக்கு அனுப்பியதைத்தான் நான் கேள்வி கேட்கிறேன். அதை ஓர் அறுவை மருத்துவர் தாளைப் படித்துச் சொன்னால்தான் ஆணையத்தில் எடுபடும், இந்த ஊரில் சக மருத்துவருக்கு எதிராக எழுதித்தர ஆள் கிடைப்பது அரிது. திருச்சியிலிருக்கும் உன் மைத்துனர் அறுவை மருத்துவர்தானே. கேஸ் ஷீட் கைக்கு வந்ததும் நகலை அனுப்புகிறேன், அவரிடம் கொடுத்துத் தயவுதாட்சண்யம் இல்லாமல் படித்துப் பார்க்கச் சொல். அலட்சியம் இல்லை என்று அவர் சொன்னாலும் அதை அப்படியே எனக்கு எழுது.

உன் அன்பு நண்பன்