ஹேட்ரியன் சுவரோரம் ஓடப் போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

இங்கிலாந்தின் வடக்கே ரோமானியர்கள் கட்டிய ஹேட்ரியன் சுவரை ஒட்டிப் போகும் பாதை முழுவதையும் ஓடிக் கடக்கப் போகிறாய் என்று எழுதியிருந்தாய். ரொம்ப சந்தோஷம். கூடவே அனுப்பியிருந்த அட்டவணையையும் பார்த்தேன். எந்த நாள் எத்தனை கிலோமீட்டர், என்ன பேஸ் (கிலோமீட்டருக்கு எத்தனை நிமிடம்), எங்கே எத்தனை நிமிட ஓய்வு என்று எல்லாம் இருக்கிறது. சுவர் மட்டும் அதில் இல்லை. எந்தத் தார்ச்சாலைக்கும் பொருந்துகிற அட்டவணை அது. அதனால்தான் உட்கார்ந்து இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அந்தப் பாதையில் தூரத்தை அளந்து வைக்கும் வேலையை ரோமானியர்கள் எப்போதோ முடித்துவிட்டார்கள். அவர்கள் கணக்கிலேயே ஓடு. வாட்ச் கையில் இருக்கட்டும், வழி தவறினால் உதவும். பேஸை மட்டும் பார்க்காதே.

கி.பி. 122இல் பேரரசர் ஹேட்ரியன் பிரிட்டனுக்கு வந்தார். சுவர் வேலை தொடங்கியது அந்தக் காலத்தில்தான். கிழக்கே டைன் ஆற்றங்கரையிலிருந்து மேற்கே சால்வே கழிமுகம் வரை 80 ரோமானிய மைல், நம் கணக்கில் சுமார் 117 கிலோமீட்டர். மைலுக்கு ஒரு சிறு கோட்டை, அதுதான் மைல் கோட்டை. அடுத்தடுத்த மைல் கோட்டைகளுக்கு நடுவே சம இடைவெளியில் இரண்டு காவல் கோபுரங்கள். ஒரு ரோமானிய மைல் ஏறக்குறைய 1,480 மீட்டர். அதை மூன்றாக வகுத்துப் பார், கிட்டத்தட்ட 500 மீட்டர் வரும். அரை கிலோமீட்டருக்கு ஒரு கட்டடம்! நீ மைதானத்தில் வேகமாக ஓடி, ஓய்ந்து, மறுபடி ஓடும் இன்டர்வல் பயிற்சியின் அளவு ஒரு நாட்டின் குறுக்கே, கடலிலிருந்து கடல் வரைக்கும் கல்லில் கட்டி வைக்கப்பட்டிருக்கிறது.

அந்த மைலுமே காலை வைத்து அளந்ததுதான். இடது கால் பதிந்த இடத்திலிருந்து மறுபடி இடது கால் பதியும் இடம் வரை ஒரு அளவு, அப்படி ஆயிரம் சேர்ந்தால் ஒரு மைல். சமதரையில் ஓடும்போது உனக்கு அந்த அளவு இன்னும் நீளமாக இருக்கும். செங்குத்தான ஏற்றம் வந்ததும் சுருங்கி, அங்கே நடந்த படைவீரனின் அளவுக்குப் பக்கத்தில் வந்துவிடும். ஏதாவது ஒரு மைலில் எண்ணிப் பார், உனக்கே தெரியும்.

எல்லாக் கட்டடமும் நிற்கும் என்று எதிர்பார்க்காதே. பல இடங்களில் புல்தரையில் ஒரு சதுர மேடு மட்டும்தான் தெரியும். பிற்காலத்தில் வீடு கட்டவும் சர்ச் கட்டவும் சாலை போடவும் இந்தக் கல்லைத்தான் அள்ளிக்கொண்டு போனார்கள். ஆனால் கண் பழகியதும் மேட்டைக் கண்டுபிடிப்பதே தனி சுகம். ஆய்வாளர்கள் மைல் கோட்டைகளுக்குக் கிழக்கிலிருந்து வரிசையாக எண் கொடுத்திருக்கிறார்கள், கோபுரங்களுக்கு அந்த எண்ணோடு ஏ, பி என்று சேர்த்திருக்கிறார்கள். அந்த எண்கள் போட்ட வரைபடம் ஒன்றை மடித்து எடுத்துக்கொண்டு போ.

இனி நடுப்பகுதி. உன் அட்டவணையில் ஹவுஸ்டெட்ஸ் என்ற பெரிய கோட்டையிலிருந்து கோஃபீல்ட்ஸ் என்ற இடம் வரைக்கும் ஒரு மணி நேரத்துக்கும் குறைவாகப் போட்டிருக்கிறாய். தூரத்தைப் பார்த்தால் சரிதான், 10 கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் மொத்தப் பயணத்தின் உயிரே அங்குதான் இருக்கிறது. அரை நாள் ஒதுக்கு. அங்கே சுவர் வின் சில் என்ற கரும்பாறை விளிம்பின் மேலேயே ஏறி இறங்கிப் போகிறது. வடக்குப் பக்கம் செங்குத்துப் பாறை, கீழே கிராக் லாக் ஏரி. ஒவ்வொரு பள்ளத்திலும் கல்படி இறக்கம், உடனே கல்படி ஏற்றம். மழை பெய்திருந்தால் அந்தக் கற்களில் நல்ல டிரெயில் ஷூவே வழுக்கும்.

ஹவுஸ்டெட்ஸிலிருந்து மேற்கே கிளம்பினால் சீக்கிரமே 37ஆம் மைல் கோட்டை வந்துவிடும். அங்கே கண்டிப்பாக நில். வடக்கு வாசலின் வளைவில் அடுக்கிய பெரிய கற்கள் ஓரளவு இன்னும் நிற்கின்றன. வாசலுக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார், நிலம் சட்டென்று கீழே சரிகிறது. வண்டி போக வழியே இல்லாத இடத்தில் எதற்கு இவ்வளவு பெரிய வாசல்? மைல் கணக்குப்படி அந்த இடத்தில்தான் கோட்டை வர வேண்டும், கோட்டை என்றால் வாசல் இருந்தாக வேண்டும். நிலம் ஒத்து வராவிட்டாலும் கட்டிவிட்டார்கள். ஆனால் அதே பாதையில் கொஞ்ச தூரம் போனால் பீல் கேப் என்ற பள்ளத்தில் கணக்கில் இல்லாத கூடுதல் கோபுரம் ஒன்றின் அடித்தளம் இருக்கிறது. அங்கே இடைவெளி அதிகமாகிப் போனதும் ஒன்றைச் சேர்த்துவிட்டார்கள். 37இல் பிடித்த பிடிவாதத்தை இங்கே கொஞ்சம் தளர்த்தியிருக்கிறார்கள். இரண்டையும் ஒரே நாளில் காலால் கடந்து பார்க்கும்போதுதான் அந்த வேலையைச் செய்தவர்கள் ஆட்களாகத் தெரிவார்கள். புத்தகத்தில் படித்தபோது எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை.

39ஆம் மைல் கோட்டைக்குக் கொஞ்சம் முன்னால் வரும் பள்ளம் சிக்கமோர் கேப். அங்கே தனியாக நின்ற அந்த மரத்தின் படம் நீயும் பார்த்திருப்பாய். 2023 செப்டம்பரில் இரவோடு இரவாக வெட்டிச் சாய்த்துவிட்டார்கள். எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. அடுத்த ஆண்டே அடிமரத்திலிருந்து துளிர் விட்டது. பக்கத்தில் போய் மிதித்துவிடாதே.

பாதையிலிருந்து தெற்கே கொஞ்சம் விலகினால் விண்டோலாண்டா. சுவருக்கு முன்பே இருந்த கோட்டை. அதைத் தவிர்க்கிறேன் என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும். ஓடுகிறவர்கள் பார்த்தே ஆக வேண்டிய இடம் அது. காற்றுப் புகாத ஈரமண்ணில் புதைந்து கிடந்ததால் ஆயிரக்கணக்கான தோல் காலணிகள் அங்கே கெடாமல் கிடைத்திருக்கின்றன. பெரியவர்களுடையது, குழந்தைகளுடையது, எல்லாம். படைவீரர்களின் காலணியில் அடிப்பாகம் முழுக்க இரும்பு ஆணிகள் அடித்திருக்கும், பிடிமானத்துக்கு. அதே இடத்தில் மெல்லிய மரத்தகடுகளில் மையால் எழுதிய கடிதங்களும் கிடைத்தன. முதல் தகடுகள் 1973இல் வெளியே வந்தன. ஒன்றில், உனக்கு சாக்ஸும் இரண்டு ஜோடி செருப்பும் இரண்டு உள்ளாடையும் அனுப்பியிருக்கிறேன் என்று யாரோ யாருக்கோ எழுதியிருக்கிறார்கள். நீ மூட்டை கட்டும்போது போடும் பட்டியலுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

அப்புறம் சில விஷயங்களைக் கறாராகச் சொல்கிறேன். சுவர் மேல் ஏறாதே. 19ஆம் நூற்றாண்டில் ஜான் கிளேட்டன் என்பவர் நிலங்களை வாங்கி, விழுந்த கற்களை எடுத்து மறுபடி அடுக்கி, மேலே புல் பதித்துக் காப்பாற்றிய பகுதிகள் நடுப்பகுதியில் நிறைய. அந்தப் புல் மேடு ஓடுவதற்கு அருமையாகத் தெரியும், வேண்டாம். புல்தரையில் நண்பனோடு ஓடினால் ஒருவர் பின் ஒருவராகப் போகாமல் பக்கம் பக்கமாகப் போங்கள். ஒரே தடத்தில் எல்லோரும் மிதித்தால் புல் செத்து மண் கரையும், அடியில் இன்னும் தோண்டாத தடயங்கள் நிறைய இருக்கின்றன. குளிர்காலத்தில் நிலம் சேறாகக் கிடக்கும், மே முதல் அக்டோபருக்குள் போ. கன்றோடு மாடு நின்றால் நடந்து, விலகி, தள்ளிப் போ. வழியில் வரும் கேட்டை, திறந்தோ மூடியோ, எப்படிப் பார்த்தாயோ அப்படியே விட்டுவிட்டு வா.

இதெல்லாம் இந்தச் சுவருக்கு மட்டும் என்று நினைக்காதே. காலுக்காகப் போட்ட எந்தப் பழைய பாதையும் இப்படித்தான். ஜப்பானில் குமானோ கோடோ யாத்திரைப் பாதையில் ஓஜி எனும் சிறு கோயில்கள் வழிநெடுக வரும். அங்கே நடந்து, தலை வணங்கி, பிறகு ஓடு. பாசி படிந்த கற்கள் சுவரோரக் கற்களைவிட மோசம். ஆண்டிஸ் மலையில் இன்காக்கள் போட்ட சாலைகள் 30,000 கிலோமீட்டருக்கும் மேல், இன்றைய ஆறு நாடுகளில் பரவிக் கிடக்கின்றன. சக்கரம் இல்லாத நாகரிகம் என்பதால் செங்குத்தில் வளைக்காமல் படியாகவே வெட்டிவிட்டார்கள். சாஸ்கி என்ற ஓட்டக்காரர்கள் சாவடிக்குச் சாவடி செய்தியைக் கைமாற்றி ஓடிய பாதை அது. மச்சு பிச்சு என்ற பழைய இன்கா நகரத்துக்குப் போகும் பகுதியில் மட்டும் அனுமதிச் சீட்டும் வழிகாட்டியும் இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள், பிப்ரவரியில் மூடியிருக்கும். அது அடுத்த வருடத்துக்கு.

சரி, திசைக்கு வருவோம். நீ கிழக்கிலிருந்து தொடங்குவதாக எழுதியிருக்கிறாய். அப்படியென்றால் முதல் நாள் பெரும்பாலும் நியூகாசில் நகரத்து ஆற்றங்கரைத் தார்ப்பாதைதான், சுவர் கண்ணில் படுவதே அபூர்வம். அங்கே உன் அட்டவணையை வைத்துக்கொள், எனக்கு ஆட்சேபணை இல்லை. கோட்டை எண்களும் ஒன்றிலிருந்து ஏறிக்கொண்டே வரும். ஆனால் மேற்குக் காற்று பெரும்பாலும் முகத்தில் அடிக்கும். எதிர்த் திசையில் போனால் காற்று முதுகைத் தள்ளும், எண்கள் 80இலிருந்து இறங்கும். எந்தத் திசையானாலும் கார்லைலுக்கு மேற்கே சதுப்பு நிலத்தில் பெரிய ஓதம் வந்து கடல் ஏறும் நாள்களில் சாலையே தண்ணீருக்குள் போய்விடும், ஓத நேரத்தை முந்தின இரவே பார்த்து வைத்துக்கொள்.

திசையை முடிவு செய்ததும் எழுது. நடுப்பகுதிக்கு வேறு அட்டவணை போட்டு அனுப்பு, அதில் மைல் கோட்டை எண்கள் இருக்க வேண்டும்.

அன்புடன்,
அக்கா