பூன் லே வாடகை வீடுகளில் வசிப்போருக்குத் தமிழில் மனநல ஆலோசனை வேண்டி

பெறுநர்:
நிரந்தரச் செயலாளர்,
சுகாதார அமைச்சு, சிங்கப்பூர்.

அனுப்புநர்:
பூன் லே வாடகை புளோக் குடியிருப்பாளர்கள்

மதிப்பிற்குரியவருக்கு,

வணக்கம். 2030க்குள் எல்லாப் பலதுறை மருந்தகங்களிலும் (பாலிகிளினிக்) மனநலச் சேவை இருக்கும் என்று 2023இல் அறிவித்தீர்கள். 1771 என்ற மனநல உதவித் தொலைபேசி எண்ணும் வந்துவிட்டது. இரண்டுக்கும் நன்றி. ஆனால் அந்த எண்ணை அழைத்துப் பேச எங்களுக்கு ஓர் இடம் இல்லை.

ஓரறை வீடு ஏறக்குறைய 33 சதுர மீட்டர். அதற்குள்ளேயே மாமியார் படுத்திருப்பார், பிள்ளைகள் படிப்பார்கள், இரவுக் காவல் வேலை முடிந்து வந்தவர் தூங்குவார். கணவரைக் கண்டு வரும் பயத்தையோ, செத்துவிடலாமா என்று வரும் நினைப்பையோ யார் காதிலும் விழாமல் எங்கே நின்று சொல்வது? தாழ்வாரத்தில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்திருக்கும். கீழ்த்தளத்துக்கு இறங்கினால் கல்மேசையில் தெரிந்தவர்கள். சிலர் படிக்கட்டில் உட்கார்ந்து பேசுகிறார்கள். யாராவது ஏறி வந்தால் பாதியில் வைத்துவிடுகிறார்கள்.

அப்புறம் மொழி. ரத்த அழுத்தத்துக்கு அரைகுறை ஆங்கிலத்தில் சமாளித்துவிடலாம், மனவேதனைக்கு முடியாது. மகளை மொழிபெயர்க்க உட்கார வைத்தால் எந்தத் தாய் உள்ளதைச் சொல்வாள்? தூக்கம் வரவில்லை என்று மட்டும் சொல்லி, மாத்திரையோடு திரும்புகிறார்கள். மனநலக் கழக மருத்துவமனைக்குப் போகலாம்தான். அது இருப்பது தீவின் மறுபக்கம், புவாங்கோக்கில். நாள்கூலிக்காரருக்குப் போய்வருவதிலேயே சம்பளம் போய்விடும். பெரியவர்கள் இன்னும் அதை உட்பிரிட்ஜ் என்ற பழைய பெயரிலேயே சொல்லிப் பின்வாங்குகிறார்கள். 2016 சிங்கப்பூர் மனநல ஆய்வில் ஏழு பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் ஏதோ ஒரு மனநோய் வந்திருந்தது. அவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு மேல் சிகிச்சையை நாடவே இல்லை. எங்கள் புளோக்கில் அது ஏன் என்று நன்றாகவே தெரிகிறது.

ஆகவே வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்துடனும் (வீவக) நகர மன்றத்துடனும் பேசி, கீழ்த்தளத்தில் கதவு உள்ள, வெளியே சத்தம் போகாத சிறிய அறை ஒன்றை அமைத்துத் தர வேண்டுகிறோம். சாவி அக்கம்பக்கத்தாரிடம் இருக்கக் கூடாது, சமூக ஊழியரிடம் இருக்கட்டும். தங்குவிடுதிகளில் பலரோடு அறையைப் பகிரும் வெளிநாட்டு ஊழியர்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே வந்து பேசலாம். பக்கத்துப் பலதுறை மருந்தகத்தில் தமிழ் பேசும் ஆலோசகர் வாரம் ஒரு மாலையாவது இருக்க வேண்டும். அதுவரை பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்யுங்கள். சொந்தக்காரர்களை வைத்து ஒப்பேற்ற வேண்டாம்.

நேரில் பார்க்க அதிகாரி ஒருவரை அனுப்புவதாக இருந்தால், இரவு 7 மணிக்கு மேல் அனுப்புங்கள். வேலைக்குப் போனவர்களும் அப்போதுதான் வீட்டில் இருப்பார்கள்.

இப்படிக்கு,
பூன் லே வாடகை புளோக் குடியிருப்பாளர்கள்