பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்

மதிப்பிற்குரிய தாளாளர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் பள்ளியில் முதல் வகுப்பு படிக்கும் ஒரு பையனின் அம்மா எழுதுகிறேன்.

போன வாரம் வருகைப் பதிவு எடுத்து முடித்ததும் வகுப்பில், "ஆர்டிஇ பசங்க மட்டும் எழுந்திருங்க" என்றார்களாம். கல்வி உரிமைச் சட்டப்படி (ஆர்டிஇ) இலவச இடத்தில் சேர்ந்த ஆறு பிள்ளைகள் எழுந்து நின்றிருக்கிறார்கள். புத்தகப் பணம் யார் கட்டவில்லை என்று பார்க்கத்தான். மற்ற பிள்ளைகளிடம் புதுப் புத்தகம் அட்டை போட்டு, லேபிள் ஒட்டி இருக்கிறது. என் மகனுக்குப் பக்கத்துப் பையனின் புத்தகத்தில் பாதி. அந்தப் பையன் பக்கத்தைத் திருப்பினால்தான் இவனுக்கும் அடுத்த பாடம்.

ராத்திரியில் இன்னொரு அம்மாவிடம் வாட்ஸப்பில் படம் வாங்கி, போனைப் பார்த்துப் பார்த்து நோட்டில் எழுதித் தருகிறேன். கணக்கில் வாத்துகளை எண்ணும் பாடம் வந்தது. வாத்தையும் நானே வரைந்தேன். கோழி மாதிரி இருக்கிறது என்கிறான். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அப்புறம் கேட்டான்: "அம்மா, ஆர்டிஇ என் இனிஷியலா?"

ஐயா, அவனுக்கு ஒரு பெயர் இருக்கிறது. பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்லுங்கள்.

கல்வி உரிமைச் சட்டம் உங்களுக்குத் தெரியாததல்ல. தனியார் பள்ளிகள் ஏழைப் பிள்ளைகளுக்கு 25 சதவீத இடம் கொடுக்கத்தான் வேண்டும் என்று 2012-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அப்படிச் சேர்ந்த பிள்ளைகளுக்குப் புத்தகத்திலோ சீருடையிலோ விளையாட்டிலோ வேற்றுமை காட்டக் கூடாது என்பதும் விதி. அந்தப் பிள்ளைகளுக்கான கட்டணத்தை அரசு தர இழுத்தடிக்கிறது என்பீர்கள். உண்மைதான். 2025-இல் மத்திய அரசும் மாநில அரசும் நிதிக்காக மல்லுக்கட்டியதில், அந்த ஆண்டுச் சேர்க்கையே அக்டோபர் வரை தள்ளிப்போனது. அந்தப் பாக்கியை அவர்களிடம் கேளுங்கள். ஆறு வயதுப் பிள்ளையை நிற்க வைத்துக் கேட்காதீர்கள்.

பள்ளி வாசலில் ஃப்ளெக்ஸ் வைத்திருக்கிறீர்கள், 'எல்லாத் தரப்புப் பிள்ளைகளும் ஒன்றாகப் பயிலும் பள்ளி' என்று. அதில் முன்வரிசையில் பல் தெரியச் சிரிப்பவன் என் மகன்தான். படம் எடுத்த அன்று யாரும் அவனிடம் புத்தகப் பணம் கேட்கவில்லை. சட்டம் எட்டாம் வகுப்போடு கையை விட்டுவிடுகிறது. ஒன்பதாம் வகுப்பில் இந்தப் பிள்ளைகள் எத்தனை பேர் மிஞ்சுகிறார்கள் என்பதையும் அதே ஃப்ளெக்ஸில் போடலாமே. கட்டண ரசீதைப் பார்த்து வீட்டுக்குப் போனவர்கள் போக, மீதி எல்லாத் தரப்பும் அங்கே இருக்குமா?

சரி, கோபத்தில் எங்கோ போய்விட்டேன். மன்னிக்கவும். நான் கேட்பது இரண்டுதான். ஆறு பேருக்கும் வருகிற திங்கட்கிழமை புத்தகம் கொடுத்துவிடுங்கள். வகுப்பில் அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். என் மகனின் பெயர் வருகைப் பதிவேட்டில் ஏழாவதாக இருக்கிறது.

இப்படிக்கு,
முதல் வகுப்பு மாணவன் ஒருவனின் தாய்