நோட்டைக் கிழித்தார்களா, அம்மிணி?

கோபிசெட்டிபாளையம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அம்மிணிக்கு,

போனில் நீ அழ ஆரம்பித்ததும் எனக்குப் பேச்சு வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். செட்டில்மென்ட் போட்டு, அதாவது பேங்க் சம்மதத்தோடு குறைத்துக் கட்டி, நீ முடித்த இரண்டு கடனும் இப்படி மறுபடியும் தலைதூக்கும் என்று யார் கண்டார்கள்? அம்மாவிடம் வீட்டு லோன் கொஞ்சம் தள்ளிப் போகிறது என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன். அவள் நம்பினாளா என்பது வேறு விஷயம்.

முதலில் கடன் வசூலுக்குக் கூப்பிடுகிற அந்தப் போன்காரன். செவ்வாய்க்கிழமை ராத்திரி எட்டேகாலுக்கு எனக்கே கூப்பிட்டான். "உங்க பொண்ணு பேங்க் காசை வாங்கிட்டு ஏமாத்துது, அப்பாவா நீங்களாவது கட்டுங்க" என்றான். "தம்பி, எந்த ஏஜென்சி? பேங்க் குடுத்த லெட்டர் இருக்கா?" என்று கேட்டேன். வைத்துவிட்டான். மறுநாள் காலையில் நம் தெரு ரிட்டயர்டு மேனேஜர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தேன். மனுஷர் ரிசர்வ் வங்கி சுற்றறிக்கைகளைப் பஞ்சாங்கம் மாதிரி ஒப்பிக்கிறார். வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்னாலும் சாயந்திரம் 7 மணிக்குப் பின்னாலும் போன் போடக்கூடாதாம். வீட்டு ஆட்களையோ, தெரிந்தவர்கள் என்று லோன் ஃபார்மில் நீ பேர் கொடுத்தவர்களையோ தொந்தரவு செய்யவே கூடாதாம். கடனை எந்த ஏஜென்சியிடம் ஒப்படைத்திருக்கிறோம் என்று பேங்க் உனக்குத் தெரிவித்திருக்கவும் வேண்டுமாம். ஜாமீன் கையெழுத்துப் போடாத அப்பனிடம் கேட்க யாருக்கும் உரிமை கிடையாது.

இனிமேல் கூப்பிட்டால் நீ வாதாடாதே. பெயர், ஏஜென்சி, நம்பர், நேரம் நான்கையும் ஒரு நோட்டில் குறித்துக்கொள். செட்டில்மென்ட் லெட்டரையும் பணம் போன ரசீதையும் இணைத்து பேங்கின் புகார் பிரிவுக்கு மெயில் போடு. "ஆயிரம் ரூபாய் மட்டும் இந்த லிங்க்கில் போடுங்க மேடம், ஃபைலை மூடிடறேன்" என்று உன்னிடம் சொன்னானே, அதில் மட்டும் கை வைக்காதே. ஒரு ரூபாய் போட்டாலும் பாக்கி இருக்கிறது என்று நீயே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அந்தப் பணம் பேங்குக்குத்தான் போகிறதா என்பதும் யாருக்குத் தெரியும்?

இதுவரை உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். 1994-இல் போர் மோட்டாருக்காக ஒரு மஞ்சள் மண்டிக்காரரிடம் எட்டாயிரம் வாங்கினேன். புரோநோட்டில், அதாவது கடன் சீட்டில், ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டி, அதன் மேல் கையெழுத்து. மறு வருஷம் மஞ்சள் விற்றதும் வட்டியை மண்டியில் கட்டிவிட்டு, அசலைச் சாயந்திரம் அவர் வீட்டிலேயே கொடுத்தேன். "நோட்டு மண்டிப் பெட்டியில இருக்கு, நாளைக்கு வந்து வாங்கிக்க" என்றார். நல்ல மனுஷர்தான். நாளைக்கு நாளைக்கு என்று நானும் போகவில்லை. 1996-இல் அவர் தவறிப்போனார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு அவர் மகன் நோட்டை எடுத்துக்கொண்டு நம் களத்துக்கு வந்துவிட்டான்.

கணக்குப்பிள்ளை மண்டியின் நாள்வழிக் கணக்கைப் புரட்டிப் பார்த்தார். வட்டி வரவாகியிருந்தது. அசல் இல்லை. வீட்டில் கொடுத்த பணம் மண்டிக் கணக்கில் எப்படி ஏறும்? ஊர்க்காரர்கள் பேசி, பாதிக்குப் பைசல் பண்ணினார்கள். கட்டிய கடனுக்கு மறுபடியும் நாலாயிரம் கட்டினேன். இந்தத் தடவை அங்கேயே நின்று, ஸ்டாம்போடு சேர்த்துக் கையெழுத்தை அவன் கிழிக்கிற வரைக்கும் நகரவில்லை. அதனால் செட்டில்மென்ட் போட்டதற்காக நீ என் முன்னால் தலை குனிய வேண்டாம். வேலை போய் எட்டு மாதம் நீ எப்படிச் சமாளித்தாய் என்று எனக்குத் தெரியும்.

நீ வாட்ஸாப்பில் அனுப்பிய சிபில் ரிப்போர்ட்டை, அதுதான் உன் கடன் வரலாற்றுக்கு மார்க்கு போடுகிற அந்தக் கம்பெனியின் ரிப்போர்ட்டை, பிரின்ட் எடுத்து, மேனேஜரும் நானும் வரி வரியாகப் பார்த்தோம். உன் இரண்டு கடனும் ஒரே வியாதி இல்லை. நீ இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டிருக்கிறாய்.

பர்சனல் லோனில் இருப்பது அவர்கள் தப்பு. லெட்டரில் சொன்ன தொகையைச் சொன்ன தேதிக்குள் கட்டியிருக்கிறாய். ஆனாலும் ரிப்போர்ட்டில் நிலுவை என்று 11,240 ரூபாய் நிற்கிறது. நீ பணம் கட்டியதற்கு அப்புறம் அந்தக் கணக்கை பேங்க் திருத்தி அனுப்பவே இல்லை. முந்தின வசூல் ஏஜென்சியிடமிருந்து இந்த ஏஜென்சிக்கு உன் பெயர் கைமாறியதும் இதனால்தான் இருக்கும் என்கிறார் மேனேஜர். சிபில் தளத்திலேயே ஆட்சேபணை பதிவு செய்யலாம், காசு கிடையாது. பேங்குக்கும் தனியாக எழுது. 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால், அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் உனக்கு 100 ரூபாய் நஷ்டஈடு தரவேண்டும் என்று 2024 ஏப்ரலில் இருந்து விதி இருக்கிறது. பேங்க் அசையவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குப் போகலாம். அதற்கும் செலவில்லை. 14448-க்குக் கூப்பிட்டால் தமிழிலேயே வழி சொல்வார்கள். ஆனால் முதலில் பேங்குக்கு எழுதி 30 நாள் பார்த்திருக்க வேண்டும். அதனால் இன்றைக்கே எழுது.

இன்னொன்று. சிபில் ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று இன்னும் மூன்று கம்பெனி இருக்கிறதாம். ஒவ்வொன்றிலும் வருஷத்துக்கு ஒரு தடவை முழு ரிப்போர்ட் இலவசம். நாலையும் எடுத்துப் பார். ஒரு கதவைப் பூட்டிவிட்டு மூன்றைத் திறந்து போட்டால் எப்படி?

கிரெடிட் கார்டு கதை வேறு. அதில் 'செட்டில்ட்' என்று போட்டிருப்பது பொய் இல்லை. பேங்க் 38,000 ரூபாயைத் தள்ளுபடி செய்தது, நீயும் சம்மதித்தாய். முழுசாகக் கட்டியிருந்தால் 'குளோஸ்டு' என்று வந்திருக்கும். அன்றைக்கு யாரும் உனக்கு இந்த வித்தியாசத்தைச் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டார்கள். இந்த மாதிரி விவரத்தைக் குறைந்தது ஏழு வருஷம் அந்தக் கம்பெனிகள் வைத்திருக்குமாம். ஐயாயிரம் கொடுத்தால் அழித்துத் தருகிறேன் என்று உனக்கு மெசேஜ் அனுப்பினவன் திருடன். உள்ளதை உள்ளபடி எழுதியிருப்பதை எந்த ஏஜென்ட்டாலும் அழிக்க முடியாது.

மேனேஜர் சொல்வது: வீட்டு லோன் இந்த வருஷமே வேண்டுமென்றால், தள்ளுபடியான பாக்கியைக் கட்டினால் 'குளோஸ்டு' என்று மாற்றி, பாக்கி இல்லை என்கிற என்.ஓ.சி. கடிதம் தருவீர்களா என்று பேங்கிடம் எழுதிக் கேள். தொகையையும் அவர்களே எழுதித் தரட்டும். பதில் கைக்கு வராமல் பணம் போகக்கூடாது. எனக்கு என்ன தோன்றுகிறது என்றால், அவசரம் வேண்டாம். இன்னும் ஒரு வருஷம் வாடகை வீட்டில் இருப்பதில் ஒன்றும் குறைந்துவிடாது. ஒரே ஒரு கார்டு வைத்து, மாதாமாதம் பாக்கி இல்லாமல் கட்டிவந்தால் சிபில் மார்க்கு தானாக ஏறும் என்கிறார் அவர். நீயும் மாப்பிள்ளையும் பேசி முடிவு செய்யுங்கள். கட்டுவது என்று முடிவானால் பாதி நான் தருகிறேன். இந்த வருஷ மஞ்சள் பரவாயில்லை. மாப்பிள்ளை இதற்குக் கூச்சப்பட வேண்டாம் என்று சொல்.

அரைத்த மஞ்சள்தூளும் அம்மா போட்ட எலுமிச்சை ஊறுகாயும் பஸ்ஸில் கொடுத்துவிட்டிருக்கிறேன். வியாழக்கிழமை காலையில் ஓசூரில் இறக்குவார்கள், போய் வாங்கிக்கொள். ஊறுகாய் ஜாடி மூடி லூஸ், சாய்க்காதே.

கிழித்த புரோநோட்டு இன்னும் என் டிரங்குப் பெட்டியில்தான் இருக்கிறது, ஸ்டாம்பு இருந்த இடத்தில் ஓட்டையோடு. இரண்டு என்.ஓ.சி.யும் வந்ததும் ஒவ்வொன்றுக்கும் ஒரு செராக்ஸ் எடுத்து எனக்குத் தபாலில் அனுப்பு. வாட்ஸாப்பில் அனுப்பாதே, அது பெட்டியில் வைக்க ஆகாது.

இப்படிக்கு,
அப்பா